இரண்டும் இரண்டரையும்

2025 மார்ச் 31, திங்கட்கிழமை. நோன்புப் பெருநாளும் நிதியாண்டின் கடைசி நாளும் ஒன்றாக வந்து விழுந்த நாள். அரசுப் பரிவர்த்தனைகளைக் கவனிக்கும் வங்கிக் கிளைகள் அன்றும் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதால், எங்கள் அலுவலகமும் அரைக்கண் விழித்திருந்தது. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீட்டு ஆண்கள் பெருநாள் தொழுகைத் திடலான ஈத்காவிலிருந்து திரும்புவதற்குள், அடுப்படி மேடையில் மடிக்கணினியை வைத்து, ஒரு கையால் ஷீர் குர்மா என்ற சேமியாப் பாயசத்தைக் கிளறிக்கொண்டு மறு கையால் ஓசூருக்குக் கணக்குக் கோப்பு ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த என் அம்மா, எங்கள் வழக்கில் அம்மி, "இது எந்தக் கணக்கு? அல்லாஹ்வுடையதா, ஆடிட்டருடையதா?" என்றார். வீட்டில் நாங்கள் பேசுவது தக்கினி உருது. அந்தக் கேள்வியில் இருந்த கிண்டல் தமிழில் பாதிதான் வருகிறது.

அந்த ரமலான் முழுவதும் என் கையில் இரண்டு கணக்குகள் இருந்தன. பகலில், நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு நிதிக் கணக்கு. இரவில், ரமலானின் இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்த பிறகு, மாமூவின் ஜகாத் கணக்கு; வசதியுள்ள முஸ்லிம் ஆண்டுதோறும் ஏழைகளுக்குக் கட்டாயமாகத் தர வேண்டிய பங்கு அது. மாமூ என் அம்மாவின் அண்ணன், புளி வியாபாரி. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைகளிலிருந்து தையில் தொடங்கிச் சித்திரை வரை புளி வரும். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, குளிர்பதனக் கிடங்கில் ஏற்றி, விலை ஏறும்போது இறக்குவார். அவருக்குக் கணினி ஆகாது. நீளமான சிவப்பு அட்டை நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். அதில் வருடத்துக்கு ஒரு பக்கம் ஜகாத்துக்கு. மூன்று வருடங்களாக அந்தப் பக்கத்தை எழுதுவது நான்.

ஜகாத் கணக்குப் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மாமூவின் கணக்கு நாளான ரமலான் பத்தாம் பிறையன்று கிடங்கில் என்ன இருக்கிறது, அன்றைய சந்தை விலைக்கு அது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, நிச்சயமாக வரும் என்று நம்பக்கூடிய கடன் எவ்வளவு என்று கூட்ட வேண்டும். விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைக் கழிக்க வேண்டும். தராசு, அலமாரி, வண்டி, கிடங்குக் கட்டடம் ஆகியவை கணக்கில் வரா. அவை விற்பதற்கு வைத்த சரக்கு இல்லை. மிஞ்சுவது 612 கிராம் வெள்ளியின் விலையைத் தாண்டினால், ஒரு சந்திர ஆண்டு முடிந்திருந்தால், நாற்பதில் ஒரு பங்கு. அதாவது இரண்டரை சதவீதம். இந்த வரம்பைத் தங்கத்திலும் வைக்கலாம், 87 கிராமுக்குச் சற்று மேல். ஆனால் இன்றைக்கு இரண்டுக்கும் இடையே பல லட்ச ரூபாய் வித்தியாசம். வெள்ளியை எடுத்தால் எங்கள் தெருவில் பாதி வீடு கொடுக்க வேண்டிய வீடாகிவிடும், தங்கத்தை எடுத்தால் பாதி வீடு தப்பித்துவிடும். எங்கள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் வெள்ளிக் கட்சி. எதைப் பிடிப்பது என்று தெரிந்தவர்கள் அவரிடம் கேட்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

பகல் கணக்குக்கு வருகிறேன். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135. நடைமுறைக்கு வந்தது 2014 ஏப்ரல் 1. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி ரூபாய், இந்த மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எந்தப் பணிகள் என்று சட்டத்தின் ஏழாவது அட்டவணை சொல்கிறது. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். முதலில் ஏனோதானோ என்றுதான் இருந்தது; 2021-க்குப் பிறகு பிடி இறுகிவிட்டது. செலவிடாத பணத்தை ஆறு மாதத்துக்குள் அரசு சொல்லும் நிதியில் சேர்க்க வேண்டும், தவறினால் அபராதம். அதனால் மார்ச் மாதத்தில் எங்களைப் போன்ற நிறுவனங்களில் ஒரு பரபரப்பு கிளம்பும். "இன்னும் இவ்வளவு பாக்கி இருக்கிறது, ஏதாவது பள்ளிக்கூடம் இருந்தால் பாருங்கள்" என்று மேலிருந்து கேட்பார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு தண்ணீரைத் தேடுவது போல இருக்கும்.

ஒரு நாள் இரவு மாமூவுக்கு இதை விளக்கினேன்.

"இலாபத்தில் இரண்டா? இருக்கிற சரக்கில் இல்லையா?"

"இலாபத்தில்தான், மாமூ."

"நஷ்டம் வந்தால்?"

"மூன்று வருடச் சராசரி. அதுவும் இல்லை என்றால் கொடுக்க வேண்டாம்."

"எனக்குப் போன வருடம் விலை விழுந்தது. ஆனாலும் சரக்கு கிடங்கில் இருந்ததே என்று கொடுக்கச் சொன்னாய்."

அவருடைய ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் அந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குர்ஆனின் எழுபதாவது அத்தியாயம், செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் "அறியப்பட்ட உரிமை" இருக்கிறது என்கிறது. உரிமை என்றால் கடன். கடனைத் திருப்பித் தர வேண்டியவர் அந்த வருடம் சம்பாதித்தாரா என்று கடன் கொடுத்தவர் பார்ப்பதில்லை. இந்தப் புத்தியோடு வளர்ந்தவர்களுக்கு, ஒரு நிறுவனம் இரண்டு சதவீதத்தைக் கொடுத்துவிட்டுப் பத்திரிகையில் புகைப்படம் போட்டுக்கொள்வது விசித்திரமாகத் தெரிகிறது. மின்கட்டணம் கட்டியதற்கு யாராவது ரிப்பன் வெட்டுவார்களா?

முஸ்லிம் வாடிக்கையாளர்கள் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது பற்றி மலேசியா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தத் துறையில் எல்லோரும் வரையும் படம் ஒன்று உண்டு. ஆர்ச்சி கேரல் என்ற அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர் 1991-இல் போட்ட பிரமிடு. அடியில் இலாபம், அதன் மேல் சட்டம், அதன் மேல் அறம், உச்சியில் கொடை. எங்கள் தெருவில் இதைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆயிஷா காலா ஒரே வாக்கியத்தில் அதைக் கலைத்துவிட்டார். "எடையில் ஏமாற்றாதவன், கூலியைப் பிடிக்காதவன், பன்றிக் கொழுப்பைக் கலக்காதவன். இவ்வளவு போதும். மிச்சம் அவன் கணக்கு." அவருக்கு அறம்தான் அடித்தளம், கொடை உச்சியில்கூட இல்லை. அது அவனுக்கும் படைத்தவனுக்கும் இடையே உள்ள தனி ஏடு.

காலா சோப்பு வாங்கும்போது விலையைத்தான் பார்க்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் ஹலால் முத்திரையைத் தேடுவார், ஜெலட்டின் கலந்த மிட்டாயை ஒதுக்குவார். அந்தக் கம்பெனி எத்தனை பள்ளிக்குக் கழிப்பறை கட்டியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் பட்டியல்களைத் தயாரிப்பதே என் வேலை என்றபோதும்.

எங்கள் தெருமுனையில் ஒரு சுத்திகரிப்புக் குடிநீர் இயந்திரம் இருக்கிறது. இருந்தது என்று சொல்வதே சரி. ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதியில் வைத்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பாறையைத் துளைத்த ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை பரவாயில்லை, வேறு வழியே இல்லை என்றால் ஒன்றரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடு விழும். வயதானால் முழங்காலும் முதுகும் இறுகும். என் நானி, அம்மாவின் அம்மா, சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். அது வெட்கம் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். இதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திறந்தார்கள். காவிரி வந்த பிறகும், குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்கு அந்த இயந்திரம் உதவியாக இருந்தது. ஐந்து ரூபாய் நாணயம் போட்டால் ஒரு கேன் தண்ணீர்.

எட்டு மாதம் ஓடியது. சவ்வை மாற்ற வேண்டும் என்றார்கள். யார் மாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நிறுவனம் வைத்துக் கொடுத்துவிட்டது. வார்டில் அதற்குப் பணமில்லை. பொறுப்பேற்ற தொண்டு அமைப்பின் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. இன்றைக்கு அங்கே மிச்சம் இருப்பது பெயர்ப்பலகை. எழுத்து இன்னும் பளபளக்கிறது, நல்ல பெயிண்ட். சமூகப் பணியின் பலன் என்ன ஆனது என்று வெளியாரை வைத்து ஆராய வேண்டிய கட்டாயம், பத்துக் கோடி அல்லது அதற்கு மேல் செலவிட வேண்டிய நிறுவனங்களுக்கும் அவற்றின் ஒரு கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்கும்தான். தெருமுனை இயந்திரத்தைக் கேட்க நாதியில்லை. எங்கள் கணக்கு ஏட்டில் இப்படிப்பட்ட இயந்திரங்கள் "முடிந்த பணிகள்" என்ற தலைப்பில் இருக்கும். நானே எழுதியிருக்கிறேன்.

ஜகாத் பணத்தில் இந்த இயந்திரத்தை வைக்கவே முடியாது. நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், அதாவது இஸ்லாமியச் சட்டப் பள்ளியில், தம்லீக் என்று ஒன்று இருக்கிறது. பணமோ பொருளோ ஏழையின் கைக்குப் போய் அவருக்கே சொந்தமாக வேண்டும், அப்போதுதான் ஜகாத் நிறைவேறும். பள்ளிவாசல் கட்ட, கிணறு வெட்ட, பாலம் போட அதைத் தொடக்கூடாது; அதற்கு விருப்பக் கொடையான ஸதகாவும், பொது அறத்துக்குச் சொத்தை ஒதுக்கும் வக்ஃபும் இருக்கின்றன. சின்ன வயதில் இது எனக்குக் குறுகிய விதியாகப் பட்டது. பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகு கொஞ்சம் புரிகிறது. ஏழையின் கைக்குள் போன நூறு ரூபாயின் மேல் யாரும் பலகை மாட்ட முடியாது.

மறைத்துக் கொடுப்பது மேல் என்கிறது குர்ஆன். வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே என்று அதே வசனம் சொல்கிறது. வலது கை கொடுப்பதை இடது கை அறியாதவருக்கு மறுமையில் இறைவனின் அரியணையான அர்ஷின் நிழல் உண்டு என்று ஹதீஸ், அதாவது நபிமொழி. இதையெல்லாம் மேற்கோள் காட்டி நிறுவனங்களை எள்ளி நகையாட எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் எங்கள் பள்ளிவாசல் மின்விசிறியை யாராவது நிறுத்திப் பார்க்கட்டும். மூன்று இறக்கையிலும் "மர்ஹூம் இன்னாரின் ஈஸாலே ஸவாபுக்காக" (காலமான இன்னாருக்கு நன்மை சேர) என்று எழுதியிருக்கும். சுவர்க் கடிகாரத்தில் நேரத்தைவிடப் பெயர் பெரிது. விசிறி சுற்றும்போதாவது பெயர் மறைகிறது.

2023 கடைசியில் காஸா போர் தொடங்கியபோது என் தம்பியின் வாட்ஸ்அப்பில் பட்டியல்கள் வரத் தொடங்கின. இதை வாங்காதே, இதைக் குடிக்காதே. ரவுண்டானா பக்கத்து பிரியாணிக் கடைகள் சிலவற்றில் வெளிநாட்டுக் குளிர்பானம் போய்ப் பன்னீர் சோடா வந்தது. புறக்கணிப்பு ஒன்றும் விளையாட்டில்லை. 2006-இல் டென்மார்க் கேலிச்சித்திரப் பிரச்சினையில் ஆர்லா என்ற பால்பொருள் நிறுவனம் வளைகுடா நாடுகளில் விற்பனையைப் பெருமளவு இழந்தது. 2024 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் தலைமை நிர்வாகியே மத்தியக் கிழக்குச் சந்தைகளில் வியாபாரம் பாதிக்கப்பட்டிருப்பதாக ஒப்புக்கொண்டார். அந்த விவாதங்களில் எங்கள் வட்டாரத்தில் ஒருவர்கூட, "அந்தக் கம்பெனி இத்தனை கோடி தருமம் செய்திருக்கிறதே" என்று எடுத்துப் பேசவில்லை. கொடுத்தது எதிர்த்தட்டில் ஏறவே இல்லை. செய்ததாக நம்பியதை மட்டும் எடை போட்டார்கள்.

நம்பியதை என்று எழுதக் காரணம் இருக்கிறது. தம்பியின் பட்டியலில் பாதி தப்பு. உள்ளூர்க் கம்பெனிகள் சிலவற்றை இஸ்ரேல் கம்பெனி என்று போட்டிருந்தார்கள். செய்தி கொண்டுவருபவனை நம்பும் முன் விசாரித்துக்கொள் என்று சொல்கிற வேதத்தை வைத்துக்கொண்டு, விசாரிக்காமல் முன்னனுப்புவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. அவனிடம் சொன்னேன். "நீ கம்பெனிக்காரி" என்றான்.

இன்னொரு சிக்கலையும் பார்த்தேன். வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனம், எங்களுக்குத் தெரிந்த பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டித் தர முன்வந்தது. வாங்கலாமா என்று ஜமாஅத்தில் பேச்சு. அல்லாஹ் தூய்மையானவன், தூய்மையானதையே ஏற்பான் என்ற ஹதீஸை ஒருவர் சொன்னார். இன்னொருவர், வங்கியில் விழும் வட்டியை நாமே என்ன செய்கிறோம் என்று கேட்டார். நன்மையை நாடாமல், கையைக் கழுவுவது போல ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். பலர் கழிப்பறைக்கென்றே ஒதுக்குகிறார்கள். அப்படியானால் அவர்களும் கையைக் கழுவுகிறார்கள், நாம் ஏன் தண்ணீர் ஊற்றக்கூடாது? கூட்டம் சிரித்துவிட்டது. ஹஜ்ரத் சிரிக்கவில்லை. "கழுவினால் சரி. ஆனால் அவர்கள் நம் பிள்ளைகளின் போட்டோவைக் கேட்கிறார்களே" என்றார். கடைசியில் வாங்கிக்கொண்டார்கள், போட்டோ இல்லாமல் என்ற நிபந்தனையோடு. பெண் பிள்ளைகள் மதியம் வரை அடக்கிக்கொண்டு உட்காரும் பள்ளி அது. வாங்கியதே சரி என்பது என் கட்சி.

மாமூவின் நோட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த வருடப் பக்கத்தில் மொத்தத்தைப் போட்டுவிட்டு, கொடுத்தவற்றை எழுதிக்கொண்டிருந்தேன். உறவில் ஒரு விதவை, மதரஸா மாணவர்கள் இருவர், மருத்துவச் செலவுக்கு ஒருவர். அடுத்து, "கிடங்குப் பெண்கள், புடவையும் பணமும்" என்று சொன்னார். கிடங்கில் கொட்டை எடுக்கும் பெண்கள் இருபது பேருக்கு மேல். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பாதிப் பேர் எங்கள் தெருக்களில் இருந்து, மீதி சுற்றுக் கிராமங்களில் இருந்து. எல்லோருக்கும் ஒரே புடவை. முஸ்லிம் பெண்களுக்குக் கொடுத்ததை ஜகாத் என்றும், மற்றவர்களுக்குக் கொடுத்ததை ஸதகா என்றும் எழுதச் சொன்னார், ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கு மட்டுமே என்பது எங்கள் மத்ஹபின் விதி என்பதால். (தெருமுனை இயந்திரம் ஓடிய எட்டு மாதமும் அப்படி யாரையும் பிரித்துப் பார்க்கவில்லை. அதை நான் அந்த நிறுவனத்தின் பக்கமே எழுதுவேன்.)

"கூலி எத்தனை வருடமாக இதே?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"புளி விலை ஏறியிருக்கிறது. கூலி ஏறவில்லை. அவர்கள் கேட்டால், பெருநாளுக்குப் புடவை தருகிறேனே என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் புடவை கூலிதானே? கூலியை ஜகாத்தில் எப்படி எழுதுவது?"

நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். "கூலியை முடிவு செய்வது நான் இல்லை. மண்டி நிலவரம். நான் மட்டும் ஏற்றினால் பக்கத்துக் கிடங்குக்காரன் என்னை ஊரைவிட்டுத் துரத்துவான்" என்றார். மாமூ மோசமானவர் இல்லை. எடை கூட்டப் புளியில் உப்புத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள், ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவன் இல்லை என்று சொன்ன ஹதீஸ் அவருக்கு மனப்பாடம். ஒரு சொட்டு தெளிக்க மாட்டார். தொழிலாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடு என்ற ஹதீஸும் தெரியும். அன்றைய கூலியை அன்றே கொடுப்பார். எவ்வளவு என்பதைப் பற்றி அவர் யாரிடமும் பாடம் கேட்டதில்லை.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஹஜ்ரத்திடம் போய்வந்தார். அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. நோட்டை மட்டும் நீட்டினார். புடவை வரியை அடித்து, "கூலி" என்ற பக்கத்துக்கு அவரே உருது எழுத்தில் மாற்றியிருந்தார். ஜகாத் பக்கத்தில் அந்த அளவுக்குத் துண்டு விழுந்தது. அதைத் தனியாகக் கொடுத்தார். கிலோவுக்குக் கூலியைக் கொஞ்சம் ஏற்றினார். கொஞ்சம்தான், பக்கத்துக் கிடங்குக்காரர் அதற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெருநாள் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார், "உன் ஃபாக்டரியில் கூட்டித் துடைக்கும் பெண்கள் காண்ட்ராக்ட்தானே? அவர்களுக்கு அந்த இரண்டு சதவீதத்தில் ஏதாவது உண்டா?"

"சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அதில் காட்டக்கூடாது, மாமூ. சட்டம் அப்படி."

"நல்ல சட்டம். ஹஜ்ரத்தும் அதைத்தான் சொன்னார். அதில் காட்டக்கூடாது என்றால் கூலியில் கொடு என்றுதானே அர்த்தம்?"

காலையில் அனுப்பிய கோப்பு நினைவுக்கு வந்தது. அதில் ஒரு பள்ளிக்கு நவீன வகுப்பறை, ஓர் ஏரிக்கரையில் மரக்கன்றுகள். துப்புரவு ஒப்பந்தம் வேறு கோப்பு. மிகக் குறைந்த விலை கேட்டவருக்குப் போனது.

"அதை முடிவு செய்வது நான் இல்லை, மாமூ" என்றேன்.

பிள்ளைகளுக்கு ஈதி கொடுக்கப் புதுப் பத்து ரூபாய்க் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "நானும் போன வாரம் வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றார்.